கோட்டை எழுத்து

மதுரையில் ஒரு மாடி அறையில் மெஹருன்னிசா எழுத்துரு வரையக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் பாடம் கேட்ட சிதம்பரநாதனுக்கு நாற்பத்தேழு. கட்டட வரைபடம் போட்டுப் போட்டே பாதித் தலை நரைத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

ஒரு வருஷமாக அவர் ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தார். வட்டம், சதுரம், நேர்கோடு, அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தும் செங்கல் கனம். சின்ன வயதில் பொருட்காட்சியில் பார்த்த பெரிய பலகைகளின் ஞாபகத்தில் வரைந்தது. 'கோட்டை' என்று பெயரும் வைத்தாயிற்று. செல்லப் பிள்ளையைப் போல, போகிற இடத்துக்கெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு ஆசை.

முதலில் வாய்த்தது ஒரு நினைவஞ்சலி அட்டை.

ஞானமணி அம்மாள் மாடிக்கே தேடி வந்து கேட்டார். அவருடைய கணவர் சந்தியாகு, பொருட்காட்சியில் மரணக் கிணறு வாசலில் நின்று ஆள் கூப்பிட்டவர். மைக் தேவைப்படாத தொண்டை. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சுவரில் ஒட்டியிருந்த கோட்டை எழுத்தைப் பார்த்ததும் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"அவரு நின்ன வாசல்ல இருந்த எழுத்து மாதிரியே இருக்கு தம்பி. இதுலயே போடு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கணும்."

அந்த வாசலில் கேட்ட குரலுக்கு அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு ஓடியது சிதம்பரநாதனுக்கு நினைவு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உள்ளுக்குள் சிலிர்க்கும்.

"முழுசும் இதுலயே போட்டுர்றேம்மா," என்றார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னபடியே செய்தார். பெயர், தேதி, பூசை நேரம், குடும்பத்தார் என்று ஒன்று விடாமல் கோட்டை.

சனிக்கிழமை காலையில் ஞானமணி அம்மாள் வந்து, மாதிரி அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என் பேரு எங்க தம்பி?"

"கடைசி வரிக்கு மேல பாருங்கம்மா."

அங்கே கறுப்பாக என்னவோ இருந்தது. சின்னதாக்கியதில் சுழிகள் எல்லாம் அடைத்துப் போயிருந்தன. மை கொட்டின இடம் போலிருந்தது.

"இந்த அட்டையத்தான் ராவெல்லாம் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்," என்றார் அம்மாள். கண் கலங்கிவிட்டது. "இதுல நானே இல்லாத மாதிரி இருக்கே."

சிதம்பரநாதனின் முகம் தொங்கிப்போயிற்று.

"டீச்சர், அளவெல்லாம் சரியாத்தான் வச்சேன். எங்க தப்பு?"

மெஹருன்னிசா அட்டையை வாங்கினாள். எழுந்து நின்றாள். முதல் வரியிலிருந்து தொண்டை கிழியக் கத்தி வாசித்தாள்.

"முதலாம் ஆண்டு நினைவஞ்சலி! சந்தியாகு! ஞாயிறு காலை! மாதா கோயில்! அன்பு மனைவி ஞானமணி! மகன்! மருமகள்! பேரப்பிள்ளைகள்!"

கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிதம்பரநாதன் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஞானமணி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படித்தாம்மா கத்துவாரு. 'வாங்க வாங்க, கிணத்துக்குள்ள வண்டி ஓடுது'ன்னு. ரெண்டு தெரு தள்ளிக் கேக்கும்."

"வீட்டுலயும் அப்படித்தானாம்மா?"

அம்மாளின் சிரிப்பு நின்றது.

"இல்லம்மா. வீட்டுக்கு வரும்போது தொண்டை போயிருக்கும். வெறும் காத்துதான் வரும். கதவத் தொறந்ததும் 'ஞானம், சுடுதண்ணி'ம்பாரு. பக்கத்துல போனாத்தான் கேக்கும். பொருட்காட்சி இல்லாத மாசத்துல தொண்டை நல்லாத்தான் இருக்கும். அப்பவும் என்னைய அப்படியேதான் கூப்பிடுவாரு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நீ கத்துனப்பதான் தோணுது. என் பேர அவரு ஒருநாளும் சத்தமாச் சொன்னதில்ல."

சிதம்பரநாதன் கணினி முன்னால் உட்கார்ந்தார். சந்தியாகு என்ற பெயரை மட்டும் கோட்டையில் விட்டார். அட்டையில் பாதி இடம் அதற்கே போயிற்று. மற்றதெல்லாம் மெல்லிய எழுத்துக்கு மாறியது. அடியில், சுற்றிலும் வெள்ளையாக விட்டு, ஞானமணி என்று தனியாக வைத்தார்.

அம்மாள் திரையருகே குனிந்து பார்த்தார்.

"மணிய எடுத்துரு தம்பி."

எடுத்தார். ஞானம் என்று மட்டும் நின்றது. அம்மாள் அந்தப் பெயரின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. பிறகு, இதையே அச்சடித்துவிடச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சிதம்பரநாதன் சுவரில் இருந்த தன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செய்தது சரி என்று தெரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"ஒரு வருஷம் வரைஞ்சேன் டீச்சர். கடைசியில ஒரே ஒரு பேருக்குத்தானா?"

"அந்தப் பேருக்கு இல்லண்ணே," என்றாள் மெஹருன்னிசா. "கீழ மெதுவா இருக்கிற பேரு கேக்கணும்ல, அதுக்குத்தான் மேல அந்தச் சத்தம்."