மந்திமலையில் கையேந்திய ராஜா

முன்னொரு காலம். எந்த நாடு என்று கேட்டு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். அங்கே வீரகேது என்றொரு ராஜா இருந்தார், அது போதும். நல்ல மனிதர்தான். ஆனால் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். தாகம் என்று அவர் நினைப்பதற்குள் தண்ணீர் வந்து நிற்கும்.

ஒரு நாள் காலை அவருக்குத் திடீரென்று மந்திமலைக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. உடனே பல்லக்கு கிளம்பியது. பிரதானி வல்லபேசரும், அரசவை விதூஷகன் குழைக்காதனும், நாற்பது வேல்காரர்களும் கூடவே மலையேறினார்கள்.

அந்தக் கோயிலில் குரங்குகள்தான் சாமியின் கைகள். கொண்டுவந்ததிலிருந்து ஒரு குரங்கு எதையாவது எடுத்துக்கொண்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் வந்தவர் முகம் செத்துப்போய்த் திரும்ப வேண்டியதுதான்.

பல்லக்குத் தூக்கும் சடையாண்டி, துண்டில் முடிந்து வைத்திருந்த வாழைப்பழங்களை அவிழ்ப்பதற்குள் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. கூட வந்திருந்த சமையற்காரியின் வெல்லமும் போனது. வேல்காரர்கள் சூழ்ந்து நிற்க, ராஜாவின் தங்கத்தட்டில் குவிந்திருந்த மாம்பழங்களை மட்டும் எந்தக் குரங்கும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பழம் அழுகிவிட்டதோ என்று முகர்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் அழுகியது நானா? அந்த எண்ணம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

குழைக்காதன் மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சலில் இருந்த பிரதானி இதுதான் சமயம் என்று முன்னே வந்தார். "மன்னர் பெருமானே, எதையும் கேலி பேசும் இந்த வாயாடி அருகில் நின்றால் சாமி எப்படி ஏற்கும்? இவன் கெட்டிக்காரன் என்றால், உச்சிக்கால மணி அடிப்பதற்குள் தங்களிடமிருந்து ஒரு குரங்கு ஒரு பொருளையாவது எடுக்கும்படி செய்யட்டும். குரங்கைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, தீனி காட்டக்கூடாது. தவறினால் நாட்டை விட்டே போகட்டும்."

குழம்பிப்போயிருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் குழைக்காதன் இல்லாத சபையை நினைத்துப் பார்த்தார். அதில் வல்லபேசர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்.

குழைக்காதனோ அலட்டிக்கொள்ளவில்லை. "வேல்காரர்கள் மலையடிவாரத்துக்குப் போகட்டும். பிரபு இந்தப் படியில் சற்றே அமரட்டும். வேறொன்றும் வேண்டாம்" என்றான்.

நாற்பது வேலும் இறங்கிப்போயின. ராஜா படியில் உட்கார்ந்தார். காலை மடக்குவதா நீட்டுவதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த யோசனையில் இருக்கும்போதே கிழட்டுக் கடுவன் மதிலிலிருந்து இறங்கி, மாம்பழங்களைத் தாண்டி, அவர் தோளில் ஏறி, மகுடத்தைக் கழற்றிக்கொண்டு கோபுரத்துக்குத் தாவியது. அப்போதுதான் உச்சிக்கால மணி அடித்தது.

"ராஜத் துரோகம்!" என்று கத்தினார் பிரதானி.

"ஒரு பொருள் என்றுதானே கட்டளை, பிரதானியாரே? எந்தப் பொருள் என்று தாங்கள் சொல்லவில்லையே" என்றான் குழைக்காதன்.

ராஜா தலையைத் தடவிப் பார்த்தார். "இப்போது நான் ராஜாவா, இல்லையா?" என்று கேட்டார். பிரதானி கல்லை எடுத்தார். கோயில் பட்டர் ஓடிவந்து மறித்தார்.

"ஐயையோ, கல்லைக் கீழே போடுங்கோ! சாமி எடுத்ததைப் பிடுங்கப்படாது. வேணும்னா ரெண்டு கையையும் ஏந்திக் கேக்கணும். அதான் இங்கே வழக்கம்."

கேட்பதா? எப்படி? ராஜா நிமிர்ந்து நின்று, "கொடு!" என்று அதட்டினார். கடுவன் விலாவைச் சொறிந்துகொண்டது.

சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இல்லீங்க மகராசா. முதுகை வளைங்க. கையைச் சேத்து ஏந்துங்க. இல்லைன்னுட்டாலும் கோவிச்சுக்க மாட்டேங்கிற மாதிரி நில்லுங்க."

"இதை நீ எங்கே கற்றாய்?"

"அரமனை வாசல்லதாங்க. வருசா வருசம் நின்னு பழகினது."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. முதுகை வளைத்தார். "சாமி, அது இல்லாமல் எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்துவிடு" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

கடுவன் மகுடத்தைக் கடித்துப் பார்த்தது. ருசியில்லை. தூக்கி எறிந்தது. அது நேராகப் போய்ப் பிரதானியின் தலையில் உட்கார்ந்தது. "நான் கேட்கவில்லை! சத்தியமாக நான் கேட்கவேயில்லை!" என்று அவர் நடுநடுங்கினார். கடுவன் இறங்கி வந்து, சடையாண்டியின் வாழைப்பழத்தில் தான் தின்றது போக மிச்சத்தை ராஜாவின் கையில் வைத்தது.

ராஜா கையிலிருந்த பாதிப் பழத்தைப் பார்த்தார். பிரதானியின் தலையைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்தார்; படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டுவிட்டு, சடையாண்டி பக்கம் திரும்பினார்.

"வருஷா வருஷம் என்னதான் கேட்டாய்?"

"கூரை வேய நாலு கட்டு பனையோலைங்க."

"கிடைத்ததா?"

"இன்னும் இல்லீங்க."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அன்று பொழுது சாய்வதற்குள் சடையாண்டி வீட்டுக்கு எட்டுக் கட்டு ஓலை போய்ச் சேர்ந்தது. ராஜ கட்டளைப்படி ஒவ்வொரு கட்டாகத் தலையில் சுமந்து போனவர் வல்லபேசர்.

"மகுடத்தையே தாங்கிய தலை, ஓலையைத் தாங்காதா?" என்றான் குழைக்காதன். ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.