பச்சை இலைப் பலகை

ஆலங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. துணைவேந்தர் சிங்கம். சான்றிதழ் பிரிவில் இருந்தது ஒரே ஒரு முயல். சும்மாவே பயப்படும், பாவம்!

ஒருநாள் நரி ஆலமரத்தில் ஒரு பெரிய பலகையை மாட்டியது.

"ஐயா, இனி எந்தப் பிரிவு எப்படி வேலை பார்க்குதுன்னு ஒரே பார்வையில் தெரியும்! அன்றே மேஜையை விட்டுப் போன மனுவுக்குப் பச்சை இலை. தங்கிப்போன மனுவுக்குச் சிவப்பு இலை!"

"பிரமாதம்! மூணு சிவப்பு விழுந்தால் அந்தப் பிரிவையே இழுத்து மூடிடுவேன்!" என்றது சிங்கம்.

முதல் வாரத்திலேயே முயலுக்கு இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. அதன்பின் அதற்குப் புல் கூட இறங்கவில்லை.

அப்போதுதானா அந்த மான் வரவேண்டும்!

"அண்ணே, மலையிலே மூலிகைப் பள்ளியில இடம் கிடைச்சிருக்கு! பௌர்ணமிக்குள்ள அங்கே மாற்றுச் சான்றிதழ் கொடுக்கணும். இல்லேன்னா இடம் போயிடும்!"

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. சான்றிதழ் எழுத வேண்டிய பழைய பதிவேடு அக்கரையில் ஆமையிடம் இருந்தது. ஆமை வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதுவரை மனு மேஜையில் கிடந்தால்? மூன்றாவது சிவப்பு விழுந்துவிடுமே! முயல் 'இணைப்பு குறைவு, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதி மனுவை நீட்டியது. மேஜை காலி. பச்சை இலை!

மறுநாள் மான் புது மனுவோடு வந்தது. "என்ன இணைப்பு அண்ணே குறையுது?"

"அது... நாளைக்கு வாம்மா!" என்று முயல் அந்த மனுவையும் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு பச்சை இலை!

மூன்றாம் நாளும் அதே கதை. இந்த அக்கிரமத்தை என்னவென்று சொல்ல! பௌர்ணமியும் வந்து போனது.

மறுநாள் சிங்கம் பலகையைப் பார்த்துப் பூரித்துப்போனது. "சபாஷ் முயலே! இந்த வாரம் முழுக்கப் பச்சை!" என்று எல்லோர் முன்னாலும் மாலை போட்டது.

கூட்டத்திலிருந்து மான் கேட்டது: "ஐயா, அதில் மூணு இலை என் மனுவுக்கு விழுந்தது. என் சான்றிதழ் எங்கே?"

சிங்கம் நரியைப் பார்த்தது.

"சான்றிதழ் கிடைச்சுதான்னு எண்ணச் சொல்லலையே ஐயா!" என்று நரி முணுமுணுத்தது.

முயல் மாலையோடு உட்கார்ந்து அழுதது. "ஆமைக்கு நான் ஆளே அனுப்பல ஐயா! அனுப்பினா மனு தங்கிடுமே, சிவப்பு விழுமேன்னு பயந்துட்டேன்!"

சிங்கம் அன்றே பலகையைக் கழற்றச் சொன்னது. இரண்டே நாளில் சான்றிதழ் தயார். ஆனால் மூலிகைப் பள்ளி அந்த இடத்தை ஒரு வரையாட்டுக்குக் கொடுத்துவிட்டது. மான் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மேஜை காலியானதா என்று எண்ணாதீர்கள். வந்தவருக்கு வேலை முடிந்ததா என்று எண்ணுங்கள்.