மகாராஜாவின் மூக்குப் பரு

தென்னங்காட்டை ஆண்ட கோதண்ட மகாராஜாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவர் பெயரைக் கேட்டால் எதிரிகள் நடுங்குவார்கள், யானைகள் மண்டியிடும். முகத்துப் பரு மட்டும் அவர் பேச்சைக் கேட்கவே கேட்காது. மீசை முளைக்கிற வயசில் வந்து போக வேண்டிய சமாச்சாரம் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு வந்து, நெற்றியிலும் தாடையிலும் குடியேறிவிட்டது. மூக்கு நுனியில் வேறு ஒன்று, துவரம்பருப்பு அளவுக்கு! அதைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது, பார்க்காத மாதிரி பேசவும் வேண்டும். சபையில் இருந்தவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

அரண்மனை வைத்தியர் அருணகிரிப் பண்டிதர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சாப்பாட்டுக் கோளாறு, மகாராஜா. இனிப்பு, பால், நெய் மூன்றையும் விட்டுவிடுங்கள். ஒரு மண்டலத்துக்குக் கம்பங்கூழும் பாகற்காயும்தான். நாற்பத்தெட்டாம் நாள் முகம் பளபளக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்!"

நாற்பது நாள் போயிற்று. பரு குறையவில்லை, புதிதாக நாலு முளைத்திருந்தது. பண்டிதர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார், மண்டலம் முடிய இன்னும் எட்டே நாள். பெயரை மாற்றுவதைவிடப் பழியை மாற்றுவது சுலபம் என்று முடிவு கட்டினார்.

"பத்தியத்தில் குறை இல்லை, மகாராஜா. சமையல்காரி உமையாள் கூழில் ரகசியமாக வெல்லம் கலக்கிறாள்" என்று போட்டுக்கொடுத்தார்.

மகாராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு ஏனோ ரொம்ப அவசரமாக நம்பிவிட்டார். "மண்டலம் முடிகிற அன்று என் முகத்தில் ஒரு பரு இருந்தாலும் உமையாள் இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

இருபது வருஷமாக அடுப்பில் வெந்தவள் உமையாள். அழுதுகொண்டே மந்திராலோசனைச் சபையில் இருந்த நல்லபெருமாளிடம் ஓடினாள். எந்தச் சிக்கலையும் வாயாலேயே அவிழ்த்துவிடுகிற மனுஷன் அவர்.

"மூணு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிக்கிட்டு நான் எங்கேய்யா போவேன்? கூழுல உப்பைத் தவிர ஒண்ணும் போடலை. சத்தியம்!"

"அப்புறம் ஏன் பரு குறையவில்லை?"

உமையாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மகாராணியோட தாய்வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க இல்லையா? அவங்களுக்கு தினம் அதிரசம் சுடறேன். மத்தியானம் எல்லாரும் கண்ணசர்ற நேரத்துல சட்டியில பாதி காணாம போயிடுது."

"யார் எடுக்கிறார்கள்?"

"நேத்து பார்த்தேன். தலையில பட்டுத் துண்டு போட்டு மூடிக்கிட்டு வந்தாங்க. மூக்கு மட்டும் வெளியே தெரிஞ்சுது." அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்த மூக்கை எப்படிய்யா நான் வாயால சொல்லுவேன்? சொன்னா நாடு மட்டுமில்லை, தலையும் போயிடும்."

நல்லபெருமாள் மீசைக்குள் சிரித்தார். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். போய் நிம்மதியாக அதிரசம் சுடு."

நாற்பத்தெட்டாம் நாள் காலை. சபை கூடியது. மூக்குப் பரு வழக்கம்போல் முதலில் வந்து உட்கார்ந்தது, மகாராஜா அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். ஓரத்தில் உமையாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நல்லபெருமாள் எழுந்தார். "மகாராஜா, தண்டனைக்கு முன்னால் ஒரு புகார். மடைப்பள்ளியில் தினமும் அதிரசம் திருடு போகிறது!"

மகாராஜா திடுக்கிட்டார். "அ...அதிரசமா? அற்ப விஷயம். விட்டுத்தள்ளும்."

"விடலாமா? இன்றைக்கு அதிரசம், நாளைக்குக் கிரீடம்! நல்லவேளை, திருடனைப் பிடிக்கப் பண்டிதர் இருக்கிறார். பண்டிதரே, இனிப்புச் சாப்பிட்டால் பரு வருமா?"

"வராமல்?"

"எல்லாருக்குமா?"

"ஆணோ பெண்ணோ, சின்னவரோ பெரியவரோ, மூன்றே நாளில் முகத்தில் எழுதி ஒட்டிவிடும்! என் சாஸ்திரம் பொய்க்காது" என்று பண்டிதர் மார்தட்டினார்.

"போதும். மடைப்பள்ளிக்குள் நுழைகிற எல்லாரும் வரிசையாக வாருங்கள்!"

சமையல் ஆட்கள் பதினோரு பேர் வந்தார்கள். முகத்தில் கரி இருந்தது, பரு இல்லை. காவலாளி ஒருவனுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பண்டிதரே கிட்டப் போய் உற்றுப் பார்த்து, பரு இல்லை என்றார். பத்தியத்தைச் சோதிக்க மடைப்பள்ளிக்குப் போய்வந்த பண்டிதர் முகமும் பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. தினமும் பாகு பதம் பார்த்து ருசிக்கிற உமையாளுக்கு ஐம்பது வயசிலும் ஒரு பொட்டுக் கூட இல்லை.

நல்லபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். "மகாராஜா, இன்னும் ஒரே ஒரு முகம்தான் பாக்கி. அதை நிமிர்ந்து பார்த்துச் சோதிக்கிற அதிகாரம் இந்த நாட்டில் யாருக்கும் இல்லை."

மகாராஜாவின் முகம் முழுக்கப் பருவின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"பண்டிதரே!" என்று கத்தினார். "உம்முடைய சாஸ்திரம் தப்பு!"

பண்டிதருக்கு அப்போதுதான் புரிந்தது. "தப்புதான் மகாராஜா! சுத்தத் தப்பு!"

"அப்படியானால் உமையாள் வெல்லம் போட்டதால் பரு வந்தது என்பதும்?" என்று இழுத்தார் நல்லபெருமாள்.

"அதுவும் தப்பு! அவள் இங்கேயே இருக்கட்டும்" என்றார் மகாராஜா, சபையைப் பார்க்காமல்.

உமையாள் அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதுவிட்டாள்.

சபை கலைந்ததும் மகாராஜா அவளையும் நல்லபெருமாளையும் நிறுத்திக்கொண்டார். "ஓய், ஒளிக்காமல் சொல்லும். சாப்பாட்டை மாற்றினால் பரு போகுமா, போகாதா?"

"சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் குறையாமலும் இருக்கலாம் மகாராஜா. தங்களுக்கு எப்படி என்பது எனக்குத் தெரியாது, பண்டிதருக்கும் தெரியாது. இந்த நாட்டில் இன்னும் யாரும் பத்தியம் இருந்து பார்க்கவில்லையே!"

மகாராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் மூக்கு வலிக்க வலிக்கச் சிரித்தார். கழுத்து முத்து மாலையைக் கழற்றி நல்லபெருமாளுக்குப் போட்டார்.

"உமையாள், நாளை முதல் நிஜமாகவே பத்தியம் இருக்கப்போகிறேன். உன்னை ரொம்ப அழவைத்துவிட்டேன். என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்."

உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மடைப்பள்ளிக்கு ஒரு நல்ல பூட்டு வேணும், மகாராஜா."