உப்புக்கு மட்டும் ஏன் அளவில்லை

அந்தக் காலத்தில் மிருகங்கள் எல்லாம் நம்மைப் போலவே பேசின. நம்மைவிட நன்றாகச் சமைக்கவும் செய்தன. நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அந்தக் காட்டில் புலி முறை வைத்துத்தான் சாப்பிடும். நாளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஓர் உயிர். ஒரு நாள் புள்ளியம்மா என்கிற மானின் முறை வந்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பெண்குட்டி. ஐயோ, அந்தத் தாய் வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்!

அவள் சமையல்காரக் கரடி சடையனிடம் ஓடினாள். “அண்ணே, நீங்கதான் ஏதாவது செய்யணும்” என்று காலில் விழுந்தாள்.

சடையன் நாலு படி அரிசியும் பருப்புமாகப் பொங்கல் வைத்து, ஓர் ஆழாக்கு கல் உப்புப் போட்டு, புலிக்குக் கொண்டுபோனான். புலி வழித்து நக்கியது.

“அடேய் சடையா! இந்த ருசி நாளைக்கும் இருந்தா, நானும் என் சனமும் இனி கறியைத் தொடமாட்டோம். ருசி கெட்டுச்சோ, முறை முறைதான்” என்றது.

மறுநாள் புலிக்கூட்டம் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்தது. இருபது படிப் பொங்கல். சடையன் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே, கூட நின்ற புள்ளியம்மாவிடம், “தங்கச்சி, அஞ்சு ஆழாக்கு உப்புப் போடு!” என்று கத்தினான். கணக்குச் சரிதான். நாலு படிக்கு ஒன்று என்றால் இருபதுக்கு ஐந்து.

புள்ளியம்மா என்ன செய்தாள் தெரியுமா? கரையாத கல் ஒன்று புலியின் பல்லில் நறுக்கென்று மாட்டினால் குட்டியின் கதி என்ன என்று பயந்து, உப்பை முன்பே இடித்து மாவாக்கி வைத்திருந்தாள். அதைத்தான் ஆழாக்கைத் தட்டித் தட்டி, நிறைத்து அளந்து கொட்டினாள்.

புலி ஒரு வாய் வைத்தது.

முகம் கோணியது. கண் பிதுங்கியது. “தூ! கடலையே கரைச்சு வச்சியாடா?” என்று உறுமியதில் காடே அரண்டு போயிற்று.

“அஞ்சுதான் அண்ணே போட்டேன்! சத்தியமா அஞ்சுதான்!” என்று புள்ளியம்மா அலறினாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் புலி பக்கத்தில் நின்ற அவள் குட்டியின் மேல் பாய்ந்தது. அவள் குறுக்கே விழுந்தாள். வீட்டுக்கு ஓர் உயிர்தானே? புலி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சடையன் ஓடிப்போய் உப்புச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பொடி! கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காலி இடம் இருக்கும். பொடியில் அது ஏது? ஆழாக்கு அதேதான், எடை மட்டும் ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது. ‘அடப் பாவி, நிறுத்துப் போடச் சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று தலையில் அடித்துக்கொண்டான். குட்டியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காகம் வந்தது. “சடையண்ணே, அந்த முதல் நாள் பொங்கலுக்கு என்னென்ன அளவு?”

“அரிசியும் பருப்பும் நாலு படி. மிளகு ரெண்டு கைப்பிடி. நெய் ஒரு செம்பு.”

“உப்பு?”

சடையன் வாயைத் திறந்தான். பக்கத்தில் குட்டி நின்றுகொண்டிருந்தது. ஓர் ஆழாக்கு என்றால், கல்லா பொடியா என்று காகம் கேட்கும். பொடி போட்டால் என்ன ஆகும் என்று கேட்கும். தன் அம்மா கை தவறித்தான் எல்லாம் போயிற்று என்று குட்டிக்குத் தெரிந்துவிடும்.

“உப்பா? தேவையான அளவு போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காகம் அதை அப்படியே மனுஷர் வீட்டு அடுப்படிகளில் ஒப்பித்தது. அன்று முதல்தான் நம் சமையல் குறிப்புகளில் அரிசிக்கு அளவு உண்டு, நெய்க்கு அளவு உண்டு, உப்பு மட்டும் ‘தேவையான அளவு’. எவ்வளவு என்று தெரிந்தவன் வாயைத் திறக்கவே இல்லை.