சாட்சிக்குப் போன கொக்கு

அந்தக் காலத்தில், மனிதரும் மாடும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, எல்லா ஊரிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்று யாரும் வாயால் மட்டும் சொல்லிவிட முடியாது. எதைப் போல என்றார்களோ, அதையே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். இளநீர் தேன் போல இனிக்கிறது என்றால் தேனடை வர வேண்டும். பிள்ளை யானை போலப் பலசாலி என்றால் யானை வர வேண்டும். வந்த யானைக்குத் தீனியும் போட வேண்டும். அதனால் யானையைச் சொல்ல எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மகள் முகம் நிலா போல இருக்கும் என்று வாய்தவறிச் சொன்ன தாய்மார்கள், பௌர்ணமி வரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

ஆகவே ஜனங்கள் கூப்பிட்டால் வருகிறவர்களையே சொல்லப் பழகிக்கொண்டார்கள். மருதங்குளம் ஊரில் வெள்ளைக்குச் சாட்சி தும்பை என்ற கொக்கு. கருப்புக்குச் சாட்சி காரி என்ற எருமைக்கடா. சாட்சிகளைத் தேடிப்போய்க் கூப்பிடும் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு.

முதலில் தும்பைக்கு அதில் பெருமைதான். குளத்தில் இறகைக் கோதி, காலைக் கழுவிக்கொண்டுதான் சாட்சிக்குக் கிளம்புவாள். கரையிலிருந்த கருவேல மரத்தில் மூன்று குஞ்சுகள் பொரித்த பிறகு நிலைமை மாறியது. பருந்து வராமல் கூட்டைக் காப்பது அவள் புருஷன் பாடு. இரை தேடுவது அவள் பாடு. தண்ணீரில் காலை வைத்து அசையாமல் நின்று, ஒரு மீன் பக்கத்தில் வரும் நேரத்தில், ஆள்காட்டி தலைக்கு மேல் வந்து கத்தும். மீன் ஓடிவிடும்.

ஒரு நாள் மட்டும் மூன்று வீட்டில் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் சுண்ணாம்பு அடித்த சுவர். இன்னொரு வீட்டில் வடித்த சோறு. மூன்றாவது வீட்டில் இரண்டு மச்சான்களுக்குள் யார் வேட்டி வெள்ளை என்று சண்டை. தும்பையை நடுவில் நிறுத்தி இருபக்கமும் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். இரண்டுமே பழுப்பாகத் தெரிந்தன. இந்தக் கொக்கு அளவுக்குமீறி வெளுத்திருக்கிறது, கொஞ்சம் மங்கலான கொக்கு கிடைக்காதா என்று இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு ஆள்காட்டியிடம் குறைப்பட்டார்கள். போகும்போது அவளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தார்கள். கொக்கு முறுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

மாலையில் அவள் இரண்டே தவளைக்குஞ்சுகளோடு கூட்டுக்குத் திரும்பினாள். பெரிய குஞ்சுகள் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு அவற்றைப் பிடுங்கித் தின்றன.

"சின்னது இன்னிக்குச் சண்டையே போடல," என்றான் புருஷன்.

தும்பை குனிந்து பார்த்தாள். சின்னது ஓரமாகக் கழுத்தை மடக்கிக்கொண்டு கிடந்தது. அம்மாவைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே ஆள்காட்டி வந்துவிட்டது. பெரிய விஷயமாம். செங்காந்தள் என்ற பெண்ணைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். பெண் வீட்டார் பல் முத்துப் போல, கூந்தல் மேகம் போல என்று சொல்லத்தான் ஆசைப்பட்டார்கள். முத்துக்குக் கடல்வரை போக வேண்டும், மேகத்தை யார் பிடித்து வருவது? அதனால் பல் கொக்கு போல வெள்ளை, கூந்தல் எருமை போலக் கருப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாட்சி வராவிட்டால் அந்த வீட்டாருக்குப் பொய்யர் என்று பேராகிவிடும், சம்பந்தமும் போய்விடும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஆள்காட்டி கண்டிப்பாகச் சொன்னது.

தும்பை வயல்வழியே நடந்தாள். முன்னால் காரி போய்க்கொண்டிருந்தான். இத்தனை நாளும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதோடு சரி. நேரில் பார்த்தது அன்றுதான்.

"நீதானா அந்த வெள்ளை? கண்ணு கூசுது, தாயி," என்றான் காரி. வேகம் மட்டும் கூடவில்லை. தன்னைக் கூப்பிடும் வழக்குகளில் பாதி, தான் போய்ச் சேருவதற்குள் சமாதானமாகிவிடும் என்று விளக்கமும் சொன்னான்.

அவன் கால் வைத்த இடத்திலெல்லாம் ஈரப்புல் அசைந்தது. புல்லுக்குள் பதுங்கியிருந்த வெட்டுக்கிளிகள் படபடவென்று எகிறின. ஒன்று தும்பையின் மூக்குக்கு நேராகவே வந்தது. யோசிக்காமல் கொத்திவிட்டாள். அடுத்த அடிக்கு இன்னும் இரண்டு. குளத்தில் அரைநாள் தவம் கிடந்தாலும் கிடைக்காத இரை, இவன் சும்மா நடந்ததற்கே கிடைத்தது. வரப்பு முடிவதற்குள் அவள் தொண்டை நிறைந்துவிட்டது.

வரப்பு முடிந்த இடத்தில் பாதை பிரிந்தது. வலது பக்கம் செங்காந்தள் வீடு. இடது பக்கம் கருவேல மரம். மேலே ஆள்காட்டி வட்டமடித்துக்கொண்டு நேரமாகிறது, நேரமாகிறது என்று கத்தியது.

தும்பை ஒரு கணம் நின்றாள். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு பக்கம். வாயைத் திறக்காத குஞ்சு ஒரு பக்கம்.

"அண்ணே, நீங்க போங்க. நான் என் சின்னதைப் பார்த்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இடது பக்கம் பறந்தாள்.

முதல் வெட்டுக்கிளியைச் சின்னதுக்கே கொடுத்தாள். அது முழுங்கியது. இரண்டாவதையும் முழுங்கியது. மூன்றாவதுக்குப் பெரியது ஒன்று தலையை நீட்டியபோது, சின்னது அதன் மண்டையில் ஒரு கொத்து கொத்தியது. தும்பைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் செங்காந்தள் வீட்டை நோக்கிப் பறந்தாள்.

முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. காரி பந்தலில் கட்டியிருந்த வாழையை முக்கால்வாசி தின்று முடித்திருந்தான். உள்ளே போகக் கூச்சமாக இருந்ததால் தும்பை வேலிக்கு இந்தப் பக்கமே நின்று காதைக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அத்தை முத்தாயிதான் பேசிக்கொண்டிருந்தாள். கொக்கு வரவில்லை, ஆகவே பல் விஷயம் பொய். எருமை வந்திருக்கிறது, ஆனால் அதற்குக் கொம்பும் இருக்கிறதே, பெண்ணுக்கும் இருக்குமோ என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

செங்காந்தள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"கருப்புக்குத்தானே எருமையைச் சொன்னோம், அத்தை. கொம்புக்கு யாரும் சொல்லலையே."

செங்காந்தள் விடவில்லை.

"நீங்க கொக்கு பார்த்திருக்கீங்கதானே? கொஞ்சம் கண்ணை மூடுங்க. கொக்குன்னு நினைங்க. தெரியுதா?"

முத்தாயி மூடினாள். முற்றத்திலிருந்த எல்லோருமே மூடினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் தும்பைகூட மூடிப் பார்த்தாள். பச்சை வயலில் பளிச்சென்று ஒரு கொக்கு நின்றது.

"தெரியுது," என்றாள் முத்தாயி, கண்ணைத் திறக்காமலே.

"அப்ப கொக்கு வந்தாச்சு. இனி என் பல்லைப் பாருங்க," என்று செங்காந்தள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. முத்தாயியே எழுந்து வந்து பெண்ணின் தலையில் பூ வைத்தாள். விஷயம் ஊர் ஊராகப் பரவியது. தேனடையும் யானையும் நிலாவும் அவரவர் இடத்திலேயே இருக்க, ஜனங்கள் "போல" என்று சொல்லிவிட்டுக் கேட்பவர் மனசுக்கு விட்டுவிட்டார்கள். வேலை போன ஆள்காட்டிதான் பாவம், பழக்கம் விடாமல் யாரைக் கண்டாலும் இன்றைக்கும் கத்துகிறது.

மறுநாள் காலையில் தும்பையை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வயலுக்குப் போய், காரிக்குப் பின்னால் நடந்தாள்.

"இன்னிக்கு யார் வீட்டுக்கு?" என்று கேட்டான் காரி.

"யார் வீட்டுக்கும் இல்லண்ணே. நீங்க பாட்டுக்கு மேயுங்க."

அன்று முதல்தான் எருமை மேயும் இடத்திலெல்லாம் அதன் காலடியில் ஒரு கொக்கு நடக்கிறது. வெள்ளைக்கும் கருப்புக்கும் சாட்சி கேட்க ஆளில்லாமல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.