ஒன்பதை அழுத்தவும்

பட்டுக்கோட்டையில் சின்னக் கடைகளுக்கு இணையத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பவர் ஜெசிமா பானு. முப்பது வயதைத் தாண்டியவர். அவரிடம் தொழில் கற்க வந்தவர் கலியமூர்த்தி. ஐம்பதை நெருங்கியவர்.

கலியமூர்த்தி முன்பு ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அவரவர் போனில் அவரவரே ரீசார்ஜ் செய்யத் தொடங்கியதும், கடையில் ஈ ஓட்டினார். பிறகு அதையும் விட்டுவிட்டு ஜெசிமாவிடம் வந்து சேர்ந்தார். அவரை "வாத்தியாரம்மா" என்று கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். நாளாக நாளாக அதுவே மரியாதையாகிவிட்டது. ஜெசிமா அவரை "அண்ணே" என்பார்.

ஒரு நாள் கலியமூர்த்தி கேட்டார்.

"வாத்தியாரம்மா, ஒரு கடைக்குப் போன் நல்லா அமைஞ்சிடுச்சுன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

ஜெசிமா எழுந்தார். தன் கருவிப் பையை எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"உலகநாதன் ஐயா கடையில வேலை இருக்கு. நான் வரல. நீங்களே செய்ங்க."

உலகநாதன் வாடகைச் சாமான் கடைக்காரர். கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, அண்டா எல்லாம் கொடுப்பார். துக்க வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டியும் கொடுப்பார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரின் உடலைக் குளிரில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி அது.

"முகூர்த்த மாசத்துல என் போன் ஓயாது" என்றார் உலகநாதன். "ஒருத்தர் பந்தல் துணிக்கு ரோஸா, மஞ்சளான்னு அரை மணி நேரம் பேசுவாரு. அதே நேரத்துல இன்னொருத்தர் பெட்டி வேணும்னு கூப்பிடுவாரு. எங்கேஜ்டு. அவரால காத்திருக்க முடியுமா? அடுத்த கடைக்குப் போயிடுறாரு."

"இன்னொரு நம்பர் வாங்கலாமே, ஐயா?"

உலகநாதன் ஒரு நாற்காலியைத் திருப்பிக் காட்டினார். அதன் முதுகில் கடையின் பேரும் நம்பரும் பெயிண்டில் எழுதியிருந்தன.

"இந்த ஊர்ல யாரு வீட்டு விசேஷத்துல உக்காந்தாலும் இந்த நம்பர்லதான் சாயணும். இதை மாத்துறதா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆடியில கல்யாணம் கிடையாது. அப்போ பெட்டி வாடகைதான் எனக்கும் என் ஆளுங்களுக்கும் சோறு. ஆடி பொறக்குறதுக்குள்ள பெட்டி கேக்குறவங்க திரும்பி வரணும். இல்லேன்னா கடையைப் பூட்டிட்டு மக வீட்டுக்குத் திருப்பூர் போக வேண்டியதுதான். மாப்பிள்ளை பனியன் மடிக்க ஆள் தேடுறாராம்."

கலியமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். கடை வாசலில் கேமரா இருந்தது.

"கேமராவுக்கு நெட் வருதுல்ல? அது போதும்."

வேலை நடந்தது. நாற்காலிகளில் எழுதியிருந்த பழைய நம்பர் அப்படியே இருந்தது. அதற்கு வரும் அழைப்பை இணையத்தில் வாங்கிய புது நம்பருக்குத் திருப்பிவிட்டார். இனி நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் நாலு பேருக்கும் மணி அடிக்கும். உலகநாதன், வேன் ஓட்டும் சவரிமுத்து, பந்தல் போடும் ஆட்கள் எல்லோருடைய செல்போனிலும் ஓர் ஆப்பை ஏற்றினார். யார் எங்கே இருந்தாலும் கடைப் போனை எடுக்கலாம். மேசையில் இருந்த பழைய போனையும் இணையத்தில் பேசவைக்க ஓர் அடாப்டரில் இணைத்தார். கரண்ட் போனாலும் நெட் நிற்காதபடி, கடை இன்வெர்ட்டரில் மோடத்தை மாட்டினார். புதிதாக வாங்கிய சாமான் அந்த அடாப்டர் ஒன்றுதான்.

"இவ்வளவுதானா!" என்றார் உலகநாதன்.

கலியமூர்த்திக்கு அந்தக் கேள்வி குறையாகப் பட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, தன் சொந்தக் குரலில் ஒரு வரவேற்பைப் பதிவு செய்தார்.

முதலில் நாதஸ்வரமும் மேளமும் முழங்கும். பிறகு கலியமூர்த்தி பேசுவார்.

"வணக்கம்! உங்கள் இல்லத்தின் இன்ப நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்தமைக்கு நன்றி! திருமணத்துக்கு ஒன்றை அழுத்தவும். வளைகாப்புக்கு இரண்டை அழுத்தவும். காதுகுத்துக்கு மூன்றை அழுத்தவும்..."

அப்படியே போய், "ஃப்ரீசர் பெட்டிக்கு ஒன்பதை அழுத்தவும். எங்கள் சேவை உங்கள் இல்லத்துக்கு மீண்டும் மீண்டும் கிடைக்க வாழ்த்துகிறோம்!" என்று முடியும். ஆள் எடுக்கும்வரை மறுபடி மேளம்.

உலகநாதன் போனைக் காதில் வைத்தார். காதுகுத்து வருவதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னய்யா இது, மண்டபத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு!"

"அண்ணன் குரல் ரேடியோக்காரங்க மாதிரி இருக்கு" என்றான் சவரிமுத்து. அவனும் முழுதாகக் கேட்கவில்லை. அதற்குள் பாத்திரம் ஏற்ற ஆள் வந்துவிட்டது.

கல்யாணக்காரர்கள் கூப்பிட்டார்கள். மேளத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒன்றும் இரண்டும் ஓயாமல் அடித்தன. ஒன்பது மட்டும் அடிக்கவே இல்லை.

ஆனி பிறந்தது. பெட்டிகள் சாக்குத் துணிக்குக் கீழே அப்படியே இருந்தன. உலகநாதன் அவற்றைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். மகளிடம் போனில் பேசும்போது, திருப்பூரில் வீட்டு வாடகை எப்படி என்று விசாரித்தார்.

கலியமூர்த்தி லைனைச் சோதித்தார். நெட் வேகத்தைச் சோதித்தார். எதிலும் குறையில்லை. ஆனால் சில பேர் கூப்பிட்டுவிட்டு, எதையும் அழுத்தாமல் பாதியிலேயே வைத்துவிடுவது கணினியில் தெரிந்தது. ஜெசிமாவிடம் ஓடினார்.

"வாத்தியாரம்மா, எல்லாம் சரியா இருக்கு. ஏன் வெச்சுடுறாங்கன்னுதான் புரியல."

ஜெசிமா கடைக்கு வந்தார். கடை நம்பரைக் கூப்பிட்டு, போனைக் காதில் வைத்து, கடைசிவரை கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"சத்தம் தெளிவா இருக்கு, அண்ணே."

அப்போது வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

"பெட்டி வேணும். ரயிலடிக்குப் பின்னால" என்றார்.

சவரிமுத்து வேனை எடுக்கப் போனான்.

"போன் பண்ணியிருக்கலாமேண்ணே? எதுக்கு இவ்வளவு தூரம் அலையிறீங்க?" என்றார் கலியமூர்த்தி.

"பண்ணினேன்" என்றார் வந்தவர். வேனுக்கு வழி காட்ட பைக்கைத் திருப்பினார்.

ஜெசிமா கலியமூர்த்தியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்களும் பெட்டியோட போங்க. அந்த வீட்டுக்குள்ள நின்னு, ஸ்பீக்கரைப் போட்டு, நம்ம கடைக்கு ஒரு போன் பண்ணிப் பாருங்க."

"சிக்னல் பாக்கவா?"

"பண்ணிப் பாருங்க."

அது ஒரு சின்ன ஓட்டு வீடு. கலியமூர்த்தியும் சவரிமுத்துவும் பெட்டியை உள்ளே தூக்கிச் சென்றார்கள். இறந்துபோயிருந்தவர் வயதானவர். அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள்.

"அப்பா..." என்றாள். அதற்குமேல் வரவில்லை.

எதிர்ப்பக்கம் இருந்தவர் போனை வைக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. வெகுநேரம் கழித்து அவள் மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.

சவரிமுத்து பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தான். கலியமூர்த்தி தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரைத் தயாராக வைத்துக்கொண்டார். கடை நம்பரின்மேல் கட்டைவிரல் போனது.

அழுத்தினால் என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரியும். மேளம். அதன்பின் அவர் குரல். உங்கள் இல்லத்தின் இன்ப நிகழ்ச்சிக்கு...

விரலை எடுத்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். அது தானாக ஒலித்துவிடுமோ என்று பயந்தவர் போல.

"ஏதோ பாக்கணும்னீங்களேண்ணே?" என்றான் சவரிமுத்து.

"வேணாம்."

வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில், "அப்போ, போயிட்டு..." என்று வாயெடுத்தார். சவரிமுத்து அவர் முழங்கையைப் பிடித்தான். துக்க வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. இருவரும் ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கினார்கள்.

வேனில் ஏறியபிறகு கலியமூர்த்தி தனக்குள் சொல்லிக்கொண்டார். "மீண்டும் மீண்டும்."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டு."

கடைக்கு வந்ததும் கணினி முன் உட்கார்ந்தார். மேளத்தை எடுத்தார். தன் குரலை எடுத்தார். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லாவற்றையும் எடுத்தார். ஜெசிமா பொட்டுக்கடலையைக் கொறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்று உலகநாதனைக் கேட்டார் கலியமூர்த்தி. "பெட்டிக்குக் கூப்பிடுறவங்க எடுத்ததும் என்ன சொல்லுவாங்க?"

"எடுத்ததும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் உலகநாதன். "மூச்சுதான் கேக்கும். 'சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு நான் சும்மா இருப்பேன். அப்புறமாத்தான் 'பெட்டி வேணும்'னு வரும்."

கலியமூர்த்தி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே யாரு கூப்பிட்டாலும் எல்லாப் போனும் ஒண்ணா அடிக்கும். கை சும்மா இருக்குறவன் எடுக்கணும். 'சொல்லுங்க'ன்னு சொல்லணும். அப்புறம் வாயை மூடிக்கணும்."

"எவ்வளவு நேரம்ணே?" என்றான் சவரிமுத்து.

"அவங்க பேசுற வரைக்கும்."

"கல்யாணக்காரங்களா இருந்தா?"

"நீ வாயை மூடுறதுக்குள்ள அவங்க பேசிடுவாங்க."

ஆட்கள் சிரித்தார்கள்.

அடுத்த முகூர்த்த நாள். உலகநாதன் போனில் ஒரு பெண்வீட்டாரோடு பந்தல் துணியின் நிறம் பேசிக்கொண்டிருந்தார். மஞ்சளா, ரோஸா என்று முடிவாகவில்லை. அதே நேரத்தில் மற்றப் போன்கள் அடித்தன. வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சவரிமுத்து எடுத்தான்.

"சொல்லுங்க."

பிறகு அவன் பேசவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். பந்தல் போடும் ஆட்கள் மூங்கிலை ஓசைப்படாமல் இறக்கி வைத்தார்கள்.

"எந்தத் தெருங்க?" என்றான் சவரிமுத்து மெதுவாக. "இதோ கெளம்பிட்டோம்."

உலகநாதன் கையிலிருந்த போனில் யாரோ ரோஸ்தான் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை அவர் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தபோது கடை திறந்துதான் இருந்தது. சாக்குத் துணிகள் மடித்து மூலையில் கிடந்தன.

"இதுக்காகச் சந்தோஷப்படக் கூடாது" என்றார் உலகநாதன். "ஆனா மாப்பிள்ளையை வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

அன்று மாலை கலியமூர்த்தியும் ஜெசிமாவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிமா கருவிப் பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு ஒரு கண் ஆஸ்பத்திரி. தனியாப் போங்க."

கலியமூர்த்தி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வாத்தியாரம்மா, அந்த மேளத்தை நீங்க கடைசிவரைக்கும் கேட்டீங்க. தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஜெசிமா டீயைக் குடித்து முடித்தார்.

"சொல்லியிருந்தா, மேளத்தை மட்டும் மாத்தியிருப்பீங்க, அண்ணே."