கூட்டுக்குள் களிமண்

குருவியும் காக்கையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கண்மாய்க்கரைப் பனையில் பொன்னான் என்ற தூக்கணாங்குருவி ஒரு கூடு கட்டினான். அடேயப்பா, என்ன கூடு! வாசலில் ஆவாரம்பூத் தோரணம், உள்ளே கொக்கிறகு மெத்தை. அடுத்த ஊர்க் குருவிகளெல்லாம் வந்து வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போயின. பொன்னானுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அழகில் மயங்கித்தான் சிட்டாள் என்ற பெண் குருவி அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மூன்று முட்டைகளும் இட்டாள்.

ஆடி பிறந்தது. அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு இந்தக் கூடு எம்மாத்திரம்? முதல் வீச்சிலேயே தலைகீழாகப் புரண்டது. ஒரு முட்டை வாசல் வழியே உருண்டு கண்மாய்த் தண்ணீரில் விழுந்து மறைந்தது. மற்ற இரண்டையும் சிறகால் அணைத்துக்கொண்டு, காற்று சற்று ஓயும்வரை சிட்டாள் நடுங்கிக் கிடந்தாள்.

"போச்சே மச்சான், நம்ம புள்ள போச்சே!"

பொன்னானும் அழுதான். ஆனாலும் அவன் கண் வாசலுக்கே போனது. "தோரணம் வேற பிஞ்சுபோச்சு, புள்ள. இரு, நல்ல பூவாப் பாத்து எடுத்தாறேன்."

சிட்டாளுக்கு வந்ததே கோபம்! "பூவா காத்தைத் தடுக்கும்? கூட்டுல கனமே இல்ல, அதான் புரளுது. நீ முட்டையைப் பாத்துக்க."

விருட்டென்று இறங்கினாள். கண்மாய் ஓரத்து ஈரக் களிமண்ணை அலகு நிறைய அள்ளிவந்து கூட்டின் உட்சுவரில் அப்பினாள்.

"ஐயையோ, சேத்தையா பூசுற? ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களா வந்து அடைகாக்கப் போறாங்க?"

மேற்கே மரங்கள் சாயத் தொடங்கின. அடுத்த காற்று கிளம்பிவிட்டது! பொன்னான் இரண்டு முட்டைகளையும் பார்த்தான். அவனும் மண்ணுக்குப் பறந்தான். ஒருவர் முட்டைக்குக் காவல், ஒருவர் மண்ணுக்கு ஓட்டம். கடைசி உருண்டையை அப்பவும் காற்று வந்து மோதவும் சரியாக இருந்தது. பனையோலைகள் பேயாட்டம் ஆடின. கூடு ஆடியது, இன்னும் ஆடியது, ஆனால் புரளவே இல்லை! உள்ளே இரண்டு முட்டைகளும் பத்திரமாக இருந்தன. சிட்டாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிக் கூட்டுக்குள் களிமண் ஒட்டியிருக்கிறது. பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு ஆண் குருவி எவ்வளவுதான் சிறகடித்துக் கூப்பிட்டாலும், பெண் குருவி வந்து அலகால் இழுத்து உறுதி பார்த்த பிறகே குடியேறச் சம்மதிக்கிறது.